பெரியவருக்கு என்ன உறவு

பல்லக்காவின் வீட்டில் மொத்தம் நாலு பேர். பல்லக்கா, அவள் வீட்டுக்காரர், பதினாறு வயது மகள், அப்புறம் பெரியவர். பெரியவர் என்றதும் மாமனார் என்று நினைத்துவிட வேண்டாம். மாமனார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. பெரியவர் என்பது பல்லக்காவின் உடம்பு வலி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் தோள்பட்டையில் ஆரம்பித்து, முதுகில் இறங்கி, இடுப்பில் தங்கி, முழங்கால் வரை வந்துவிட்ட வலி. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். "ஆளைக் கொல்லாது, குணமும் ஆகாது, கூடவே இருக்கும்" என்றார். கூடவே இருக்கப்போகிறவரை அது, இது என்று சொல்வதற்கு யாருக்கும் மனசு வரவில்லை. அப்போது மகளுக்கு ஐந்து வயது. அம்மா நாற்காலியிலிருந்து முனகிக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குள்ள ஒரு பெரியவர் இருக்காரு" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது. வெளியூர் போவதா, அவர் சம்மதிக்க வேண்டும். விருந்தாளி வருவதா, "பெரியவர் இன்னிக்கு எப்படி?" என்று போனிலேயே கேட்டுக்கொண்டு வருவார்கள். மரியாதை போகப் போகப் பழியாகவும் மாறியது. முடி கொட்டினால் பெரியவர். பல் கூசினால் பெரியவர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பெரியவர். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டு, "பெரியவர் எங்கயாவது வெச்சிருப்பாரு" என்று சொன்ன நாளும் உண்டு.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் ஒரே ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே ஓட்டுகிறவர். "பழைய மெஷின்ல புதுச் சத்தம் கேட்டா, அது பழைய சத்தம் பெத்த புள்ளதான். தனியா எதுவும் வராது" என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது நமக்குக் கேலிப் பேச்சு. அவருக்கு அதுதான் பிழைப்பு.

பல்லக்காவின் பிழைப்பு பல் செட் செய்வது. பொய்ப் பல் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. ஜன்னல் ஓரம் நீள மேஜை, மேஜை முழுக்க வெள்ளைத் தூள், சுவர் அலமாரியில் முகம் தெரியாத மனிதர்களின் வாய்கள் பிளாஸ்டரில் வரிசையாக. பிளாஸ்டர் அச்சை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெழுகை உருக்கி, பல் பல்லாக நட வேண்டும். ஒரு முன்பல் அரிசி அளவு கோணினால்கூட அந்த மனுஷன் சிரிக்கும்போது வேறு ஆளாகிவிடுவான். இருபது வருஷமாக ஒரு பல்லும் கோணியதில்லை. பெரியவர் அவளிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டார். தூக்கம், நடை, மகளைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டிய வருஷங்கள் எல்லாம் அவருக்குத்தான் போயின. ஆனால் கையைத் தொட்டதில்லை. கை மட்டும் அவளுடையது என்று இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்த மாதிரிதான்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையை அவளால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காலையிலிருந்தே இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மதமதவென்று இருந்தன. யாரோ தன் விரலைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் விரல் மாட்டியதுபோல. பல்லை எடுத்து வைக்கப் போனாள், இடது கையில் அச்சு நழுவியது, பல் துள்ளிப் பக்கத்திலிருந்த முதலாளியின் டீயில் விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி கடைசி மடக்கைக் குடித்துவிட்டார்.

"என்ன, டீல கல்கண்டு போட்டிருக்கா?" என்றார்.

"முன்பல்லுங்க" என்றாள் பல்லக்கா.

முதலாளி தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருமினார். பல் கீழே போய்விட்டது. பிறகு அவளைப் பார்த்து, "பெரியவரா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "சரி விடு, அவரைப் போய் என்னத்தத் திட்டறது" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பல்லக்காவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "ஏன் விழுந்துச்சு, கைக்கு என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். எல்லாரும் பெரியவரை மன்னித்துக்கொண்டே இருந்தார்கள், அவள் கையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு அச்சுகள் கீழே விழுந்து உடைந்தன. பல்லக்கா யோசித்துப் பார்த்தாள். பெரியவர் வந்தால் கதவை உடைத்துக்கொண்டு வருவார். காலையில் வந்து உட்காருவார், மாலையில் கொஞ்சம் காலாற வெளியே போவார். குத்தல், குடைச்சல், கடுப்பு, பிடிப்பு என்று எதைச் செய்தாலும் சத்தமாகச் செய்வார். இதுவோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடை நடந்து வருகிறது. வலியே இல்லை. வலிக்காத ஒன்று பெரியவருக்கு எப்படி உறவாகும்?

வீட்டில் கூட்டம் போட்டார்கள். நாத்தனார் போனில் சேர்ந்துகொண்டாள்.

"பங்காளியா, சம்பந்தியா? முதல்ல அதைச் சொல்லு" என்றாள் நாத்தனார். "பெரியவர் வயித்துல பொறந்ததுன்னா பங்காளி. வெளிய இருந்து வந்து ஒட்டிக்கிட்டதுன்னா சம்பந்தி. பங்காளின்னா அதே மாத்திரையில அடங்கும். சம்பந்தின்னா தனியாத்தான் கவனிக்கணும்."

"பங்காளிதான். புதுச் சத்தம் தனியா வராது" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டும் இல்லாம, சும்மா வழி தவறி வந்திருந்தா?" என்றாள் மகள்.

"இந்த வீட்டு விலாசம் எல்லாருக்கும் தெரியும்டி. வழி தவறி யாரும் வர மாட்டாங்க" என்றாள் பல்லக்கா. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்துபோனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல்லக்காவால் வரிசையில் நிற்க முடியாது. அதனால் எப்போதும் வீட்டுக்காரர்தான் கவுண்டரில் நிற்பார், அவள் பின்னால் பெஞ்சில் உட்காருவாள். இந்த வழக்கத்தில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் நடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்த புதிதில், "கார்டு யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷன் வீட்டில் சொல்கிற வாக்கில் "பெரியவருக்கு" என்று சொல்லியிருக்கிறார். "எத்தனை வயசு?" என்றதற்கு, வலி வந்து எத்தனை வருஷம் என்று கேட்பதாக நினைத்து "ரெண்டு" என்றிருக்கிறார். மாத்திரை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாரும் கார்டைப் படித்துப் பார்க்கவில்லை.

கவுண்டர்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "பெரியவர், ஆண், வயசு பதினொண்ணு. இவருக்குத்தானே?"

"என்னது, ஆணா?" என்றாள் பெஞ்சிலிருந்து பல்லக்கா.

"பதினொரு வயசுல பெரியவரான்னு யாரும் கேக்கலையா?" என்று வீட்டுக்காரரே கேட்டுவிட்டார்.

"எதுக்குக் கேக்கணும்? என் மாமனாருக்கு எண்பது வயசு. இன்னும் குட்டின்னுதான் கூப்பிடுறாங்க" என்றார் கவுண்டர்காரர். அவர் கெட்டவர் இல்லை. எழுதியிருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான். "இன்னிக்கு பெரியவருக்கு என்ன?"

"பெரியவர் தேவலைங்க. இது புதுசா வந்தவருக்கு" என்றார் வீட்டுக்காரர். பழகின வாய் திருந்தவில்லை.

கவுண்டர்காரர் டக்டக்கென்று தட்டினார். "பேர் புதியவர். வயசு?"

"பதினஞ்சு நாள்."

"பச்சைக் குழந்தை! அதே விலாசம். பெரியவருக்கு என்ன உறவு?"

"அதைக் கேக்கத்தாங்க வந்திருக்கோம்" என்றார் வீட்டுக்காரர்.

பல்லக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, இரண்டும் தன் உடம்புதான் என்று முதலிலிருந்து விளக்கினாள். கவுண்டர்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவள் சொல்வது புரிகிறது, ஆனால் திரையில் அவள் பெயரே இல்லை, இல்லாத ஆள் சொல்வதை வைத்து இருக்கிற ஆளை அழிக்க முடியாது என்றார்.

நாலாம் அறை நாள்பட்ட வலிக்கு. அங்கே இருந்த டாக்டர் பழைய ஆள், தங்கமான மனுஷர். பல்லக்காவின் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெரியவர் இதெல்லாம் பண்ண மாட்டாரும்மா. ஒன்பது வருஷமாப் பார்க்கறேன். மரத்துப்போறது அவர் சுபாவமே இல்ல. ஒன்பதாம் ரூமுக்குப் போங்க. அதான் புது நோய்க்கு."

ஒன்பதாம் அறை வாசலில் நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "ஒரு விலாசத்துக்கு ஒரு ரூம்தான். உங்க விலாசம் நாலாம் ரூம்ல இருக்கு. பெரியவருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

நாலாம் அறை டாக்டர் கையை விரித்தார். "நான் எப்படி எழுத முடியும்? சம்பந்தப்பட்டவர் எழுதணும்." மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அச்சடித்த படிவம். தலைப்பு, தொடர்பின்மைச் சான்று. 'மேற்படி புதிய நோய்க்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில், 'மூத்த நோயின் கையொப்பம்.'

பல்லக்கா கவுண்டரிலேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கவுண்டர்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது உங்க கையெழுத்து. முத்து முத்தா இருக்கு. பதினொரு வருஷம் குடைஞ்சவர் எழுத்தா இது? அவரையே கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி போடட்டும்."

இந்த இடத்தில் யாராவது அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் பின்னால் நின்ற முப்பது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாதிப் பேர் கையில் அதே படிவம் இருந்தது.

வீட்டுக்காரர் தெம்பாகத்தான் வீடு திரும்பினார். "இது ஒரு விஷயமே இல்ல. உனக்கு ரொம்ப முடியாத அன்னிக்கு நீ எழுதற எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்ல? அதான் அவர் கையெழுத்து. நல்லா வலிக்கற நாளாப் பார்த்துக் கிளம்பிடுவோம்."

வலிக்கிற நாளுக்காகக் காத்திருந்தார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியவர் வரவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பல்லக்கா காலையில் கண் விழித்து, உடம்பில் ஒவ்வோர் அறையாகத் தேடிப் பார்த்தாள். தோளில் இல்லை. இடுப்பில் இல்லை. முழங்கால் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் பதறிப்போய் அவரை வரவழைக்க என்னென்னவோ செய்தார். அவளைப் பரண் மேல் ஏற்றிச் சாமான்களை அடுக்கச் சொன்னார். நாலு மாடி படியேறச் சொன்னார். குளிர்ந்த தரையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, "வந்தாரா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார்.

"வரல" என்றாள் பல்லக்கா. சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. நாலாம் மாடியில் மூச்சு வாங்காமல் நின்று, கீழே தெருவைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவள் எந்த மாடியிலிருந்தும் தெருவைப் பார்த்ததில்லை. ஜோராக இருந்தது. ஆனால் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த இடது கை, சுவரின் சொரசொரப்பை அவளுக்குச் சொல்லவே இல்லை.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிடுச்சு" என்று நாத்தனார் போனில் தீர்ப்பு சொன்னாள்.

ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் பட்டறையில் பல்லக்கா மெழுகுக் கத்தியைத் தவறுதலாகச் சுண்டுவிரலில் வைத்துவிட்டாள். தீயில் காட்டிய கத்தி. தோல் பொசுங்கின வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. முதலாளி ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். "ஏம்மா, கத்தக்கூட இல்லையே நீ!" என்றார்.

அவ்வளவு நாள் வலியோடு மல்லுக்கட்டியவள், வலிக்கவில்லையே என்று அன்றைக்குத்தான் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல், முன்பக்கம் வெள்ளைத் தூள் ஒட்டிய உடுப்போடேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசையில் தானே நின்றாள். நிற்க முடிந்தது.

"பெரியவர் வரலையா?" என்றார் கவுண்டர்காரர்.

"அவர் வீட்ட விட்டுப் போயிட்டாரு. ஒன்பது நாளாச்சு."

கவுண்டர்காரர் முகம் வாடிவிட்டது. "சொல்லாமக் கொள்ளாமயா? இந்த வயசுல?" என்றார். எந்த வயசைச் சொன்னாரோ தெரியவில்லை. "போலீஸ்ல சொன்னீங்களா?"

"தேடாத இடம் இல்லங்க. விலாசத்துல இருந்து அவர் பேரை எடுத்துடுங்க. அந்தப் பச்சைக் குழந்தை பேரையும் எடுத்துடுங்க. அப்படி யாரும் எங்க வீட்டுல பொறக்கல." பல்லக்கா வெந்த விரலைக் கண்ணாடித் துவாரத்துக்குள் நீட்டினாள். அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "இந்தக் கை என் கை. பங்காளி கை இல்ல, சம்பந்தி கை இல்ல. ஒன்பது வருஷமா உங்க கம்ப்யூட்டர்ல நான் ஒருத்தி இல்லவே இல்ல. எனக்கு ஒரு கார்டு போடுங்க. என் பேர்ல. பொம்பளைன்னு போடுங்க. நாப்பத்தாறு வயசுன்னு போடுங்க."

கவுண்டர்காரர் தட்டினார். விலாசம் காலி என்று திரை காட்டியிருக்க வேண்டும். நிமிர்ந்து, "ஒன்பதாம் ரூம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "அவர் திரும்பி வந்தாச் சொல்லுங்க. நல்ல மனுஷன், ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்ல" என்றும் சொன்னார்.

ஒன்பதாம் அறையில் இருந்தது ஒரு பெண் டாக்டர். முதலில் வெந்த விரலுக்கு மருந்து போட்டார். பிறகு பல்லக்காவின் கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை லேசாகக் குழிந்திருப்பதைக் காட்டினார். அவள் அதைக் கவனித்ததே இல்லை. முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு விரலால் தட்டினார். சுரீரென்று மின்சாரம் சுண்டுவிரல் வரைக்கும் ஓடியது. பல்லக்கா "அம்மா!" என்று துள்ளினாள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது அந்தச் சத்தம்.

"நரம்பு இங்க முழங்கையில நசுங்குது. இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டிருந்தீங்கன்னா சதை கரைஞ்சிருக்கும், பிடிமானம் திரும்பி வந்திருக்காது" என்றார் டாக்டர். "இப்பவும் முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வர்றதுக்கு வழி இருக்கு. வேலை செய்யறப்ப கையை எப்படி வெச்சிருப்பீங்க?"

பல்லக்கா செய்து காட்டினாள். டாக்டரின் மேஜையில் இடது முழங்கையை ஊன்றி, அதன் மேல் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தாள்.

"தினமும் இப்படியா?"

"தினமும் எட்டு மணி நேரம்."

"எதுக்கு இப்படி ஊனணும்? நேரா உக்கார முடியாதா?"

பல்லக்கா வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். முழங்கையை ஊன்றினால் தோள்பட்டைக்கு ஒத்தாசையாக இருக்கும். பெரியவர் தோளில் வந்து உட்கார்ந்த முதல் வருஷத்திலேயே, அவருக்குச் சிரமம் வேண்டாமென்று அவள் பழகிக்கொண்ட வாகு அது. அவர் அவள் கையைத் தொடவில்லைதான். அவருக்கு முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்து அவளே கையைக் கொண்டுபோய் நசுக்கியிருக்கிறாள். பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. இந்த உறவுக்கு நாத்தனாரிடம்கூடப் பெயர் இருக்காது.

டாக்டர் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். முழங்கைக்கு உறை, ஊன்றக் கூடாது, ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது, தேவைப்பட்டால் சின்ன ஆபரேஷன். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"இதுக்கும் வேற ஏதாவது பழைய நோய்க்கும் தொடர்பு இருக்கா? ஆமான்னா நாலாம் ரூமுக்கு அனுப்பணும். அவங்கதான் பார்க்கணும்."

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? இடது தோளில் யாரோ பழகின ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மூட்டை முடிச்சை இறக்கி வைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். பல்லக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முழங்கை தன்னால் மேஜையைத் தேடிப் போனது. அதைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, தொடர்பு இருக்கா?"

"ஒரு தொடர்பும் இல்ல டாக்டர்" என்றாள் பல்லக்கா. "எழுதிக்குங்க. வேணும்னா நானே கையெழுத்துப் போடறேன்."

போட்டாள். வலியில் எழுத்து கோழி கிண்டின மாதிரி வந்தது.